கல்கத்தா ஃபுட்பால் கிளப், 1873: ஆண்டுகள், ரூபாய்க் கணக்கு, கோப்பை (வரைவைச் சரிபார்க்க உதவி தேவை)

பழையநோட்டு

வினாடி வினாத் தொகுப்பு ஒன்றுக்காக, ரக்பியின் கல்கத்தா கோப்பை பிறந்த கதையைக் கீழே உள்ள பத்தியாக எழுதியிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. எங்கே பிசகு என்று தயங்காமல் சொல்லுங்கள்.

"1792இல் கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயர்கள் தொடங்கிய கல்கத்தா ஃபுட்பால் கிளப்தான் ஆசியாவின் முதல் ரக்பி கிளப். 1872 கிறிஸ்துமஸ் அன்று இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடந்த ஆட்டத்திலிருந்து இது பிறந்தது. இலவச மது நின்றதும் உறுப்பினர்கள் கலைந்துபோனார்கள். மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாயை உருக்கிக் கோப்பை செய்து, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதுவதற்கென்று கொடுத்தார்கள். 1879இல் அதை முதலில் வென்றது இங்கிலாந்து. கிளப் இன்றும் பாலிகஞ்சில் இயங்குகிறது."

கோடுதாண்டி

முதல் வரியிலேயே இரண்டு கிளப்புகள் ஒட்டிக்கொண்டுவிட்டன.

1792 கிரிக்கெட்காரர்களின் ஆண்டு. கல்கத்தா கிரிக்கெட் கிளப் என்பது தனி அமைப்பு. ஈடன் தோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தவர்கள், 1950இல் அங்கிருந்து அதே ஊரின் பாலிகஞ்ச் பகுதிக்கு இடம் மாறினார்கள். ஃபுட்பால் கிளப் அவர்களோடு இணைந்தது 1965இல். கல்கத்தா கிரிக்கெட் அண்ட் ஃபுட்பால் கிளப், சுருக்கமாக சிசிஎஃப்சி, என்ற பெயர் அப்போது வந்ததுதான். கூட்டுக்குடும்பத்தில் மூத்தவர் வயதை வீட்டின் வயதாகச் சொல்வதுபோல 1792ஐ எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கிளப்பின் வயதாகச் சொன்னால் சரி, ரக்பியின் வயதாகச் சொன்னால் நகைப்புக்கிடம். ஆட்டத்துக்குப் பெயர் கொடுத்த இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில் விதிகள் எழுத்தில் வந்ததே 1845இல். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய மாணவன் என்று ஒரு கதை உலவுகிறதே, அந்தக் கதை சொல்லும் ஆண்டுகூட 1823தான்.

அடுத்தது கிறிஸ்துமஸ் ஆட்டம். 1872 டிசம்பர் 25இல் ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் இருபது பேர். மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் மூன்றையும் சேர்த்து இருபது பேர். வெறும் ஸ்காட்லாந்து இல்லை. பின்னால் கோப்பை அந்த இரு நாடுகளுக்கும் போனதால் முதல் ஆட்டத்தையும் அவர்கள் தலையில் கட்டிவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அதே ஆட்டத்தை இன்னொரு முறை ஆடினார்கள். 1873 ஜனவரியில் கிளப் அமைந்தது, உறுப்பினர் எண்ணிக்கை 137 வரை போனது. 1874இல் இங்கிலாந்தின் ரக்பி ஃபுட்பால் யூனியனில் சேர்ந்தார்கள். அந்த யூனியனே 1871இல் பிறந்ததுதான்.

ஆக, ஆட்டம் 1872, கிளப் 1873. இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதிவிட்டால் சண்டையே வராது.

பெயரில் "ஃபுட்பால்" என்று இருப்பதைப் பார்த்துக் கால்பந்துக் கழகம் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அந்தக் கல்கத்தா கிளப்புக்கு ஃபுட்பால் என்றால் ரக்பிதான். பந்தை உதைத்து மட்டும் ஆடும் ஆட்டத்துக்கு, மறுபடி உயிர்பெற்ற கிளப் பிற்பாடுதான் வந்தது. 1922, 1923, 1924 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஐஎஃப்ஏ ஷீல்டு என்ற கால்பந்துக் கோப்பையை வென்றது அந்தப் பிற்காலக் கதை.

பேராதனைப்பாலம்

"ஆசியாவின் முதல்" எண்டதையும் எடுத்துவிடுங்கோ. யோகோஹாமாவில 1866 ஜனவரியிலேயே அங்கிருந்த வெளிநாட்டவர் கூடி ஃபுட்பால் கிளப் ஒண்டு தொடங்கிட்டினம். அந்தக் கூட்டத்தின்ர செய்தி ஊர்ப் பத்திரிகையிலயே வந்திருக்கு. கல்கத்தாவுக்கு ஏழு வருசம் முந்தி.

இந்தியாவின் முதல் ரக்பி கிளப் எண்டு எழுதினால் போதும்.

மழைக்கால மைதானம்

இலவச மதுக் கதையைத்தான் எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். கிளப்பில் காசில்லாமல் குடிக்கக் கொடுத்தார்கள், பின்பு நிறுத்தினார்கள், உறுப்பினர் எண்ணிக்கை சரிந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் ஆள்கணக்கு இடிக்கும்.

அந்தக் காலத்து ரக்பி அணிக்கு இருபது பேர். 1871இல் நடந்த முதல் சர்வதேச ஆட்டத்தில் இங்கிலாந்து நிற்கவைத்த விதம் இது: முன்வரிசையாளர் 13, அவர்களுக்குப் பின்னால் ஹாஃப்பேக் 3, த்ரீகுவார்ட்டர் 1, ஃபுல்பேக் 3. ஸ்க்ரம் என்றால் இரு பக்கமும் சேர்த்து இருபத்தைந்து பேருக்கு மேல் நிமிர்ந்து நின்று, பந்தை உள்ளே போட்டுக் காலால் முன்னே தள்ளிக்கொண்டு போவது. இன்றுபோலக் குனிந்து பூட்டிக்கொண்டு குதிகாலால் பின்னுக்கு இழுப்பது அன்றைக்குக் கௌரவக் குறைச்சல். பந்து வெளியே வரவே நெடுநேரம் ஆகும். அந்தத் தள்ளுமுள்ளுக்கு வேண்டியது உடம்பும் எண்ணிக்கையும்தான்.

அந்த உடம்புகளை கல்கத்தாவில் கொடுத்தது ராணுவம். பஃப்ஸ் என்று அழைக்கப்பட்ட படைப்பிரிவு 1876இல் ஊரைவிட்டுக் கிளம்பியது. ஒரு படைப்பிரிவு போனால் ஒன்றிரண்டு ஆட்டக்காரர்கள் போவதில்லை, ஸ்க்ரமே எழுந்து போய்விடும். மிஞ்சுபவர்கள் வணிக நிறுவன உதவியாளர்களும் அலுவலர்களும். ஆட்டத்துக்கு நாற்பது பேரைத் திரட்ட அவர்களால் முடியாது.

அதே சமயத்தில் போலோவும் லான் டென்னிஸும் ஆட்களை இழுத்தன. லான் டென்னிஸ் 1874க்குப் பிறகு பரவிய புதுப் பொழுதுபோக்கு. இருவர் இருந்தால் போதும், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ஆடலாம், பெண்களும் ஆடலாம். கல்கத்தா வெயிலுக்கு எது தோதுப்படும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

மைதானம் இன்னொரு தலைவலி. டிசம்பர், ஜனவரியில் உடம்புக்கு இதமாக இருக்கும், ஆனால் மழையில்லாமல் கங்கைக்கரைக் களிமண் செங்கல்போல இறுகிவிடும். விழுந்தால் முழங்காலும் முழங்கையும் தோல் உரியும். மழைக்காலத்தில் தரை மெத்தென்று இருக்கும், காற்றோ ஆளை வேகவைக்கும். இன்று கொல்கத்தாவில் ரக்பியை மழைக்காலத்தில்தான் ஆடுகிறார்கள், அடிபடுவதைவிட வியர்ப்பது தேவலை என்று. பிரிட்டனின் குளிர்கால ஆட்டத்தை அப்படியே கிறிஸ்துமஸுக்குக் கொண்டுவந்து வைத்தவர்களுக்கு இது போகப்போகத்தான் புரிந்திருக்கும்.

எனவே அந்த வரியை "படைப்பிரிவு இடம் மாறியது, டென்னிஸும் போலோவும் ஆட்களை இழுத்தன, இலவச மதுவும் நின்றது" என்று மாற்றுங்கள். மது கடைசியில் வரட்டும்.

கோடுதாண்டி

மதுவைக் கடைசிக்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. படைப்பிரிவு கிளம்பியது ஆட்டக்காரர்கள் குறைந்ததற்குக் காரணம். சந்தா கட்டிய 137 பேரும் களத்தில் இறங்கியவர்கள் இல்லையே. வேடிக்கை பார்க்கவும் கூடிப் பேசவும் வந்தவர்கள் விலகியதற்கு மதுதான் காரணம். கிளப்பின் பணம் அவர்களிடமிருந்துதான் வந்தது.

இருபது பேர் கணக்கில் ஒன்று சேர்க்கலாம். 1877 பிப்ரவரியில் இங்கிலாந்து–அயர்லாந்து ஆட்டம் முதன்முறையாகப் பதினைந்து பேர் அணிகளோடு நடந்தது. ஆள் தேவை கால்வாசி குறைந்த அதே ஆண்டில் கல்கத்தாக்காரர்கள் கடையைக் கட்ட முடிவு செய்தார்கள்.

மழைக்கால மைதானம்

வேடிக்கை பார்த்தவர்கள் பற்றிச் சொன்னது நியாயம். "ஆட்டக்காரர்களும் குறைந்தார்கள், சந்தாதாரர்களும் குறைந்தார்கள்" என்று இரண்டாகப் பிரித்து எழுதட்டும்.

வெங்காரம்

270 ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம். இதில் எடையும் மாற்றும் (எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்பது) தெரிந்தால் நிறைய விளங்கும்.

அன்றைய வெள்ளி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதுவே ஒரு தோலா. ஆகவே 270 ரூபாய் என்றால் 270 தோலா, சுமார் 3.15 கிலோ. மாற்று பன்னிரண்டில் பதினொரு பங்கு, அதாவது 91.67 சதவீதம். சுத்த வெள்ளி ஏறத்தாழ 2.89 கிலோ, மீதி செம்பு. பிரிட்டனின் ஸ்டெர்லிங் மாற்று 92.5. ரூபாய் வெள்ளி அதற்கு ஒரு மயிரிழை கீழே. மூன்றே கால் கிலோகூட இல்லாத இந்த உருகலை ஸ்டெர்லிங்குக்கு ஏற்ற வேண்டுமானால் சுமார் 350 கிராம், முப்பது ரூபாய் எடை, சுத்த வெள்ளி சேர்க்க வேண்டும். பாத்திர வேலைக்கு அப்படி ஏற்றவேண்டிய அவசியம் இல்லை; நாணய வெள்ளியிலேயே நன்றாக அடிக்கலாம்.

உருக்கும்போது கவனிக்க வேண்டியது செம்பு. சுத்த வெள்ளி 961 டிகிரியில் உருகும், செம்பு கலந்தது அதற்கும் கீழே. காற்று பட்டால் அந்தச் செம்பு கறுத்து, மெருகு போட்ட பிறகும் மேற்பரப்பில் சாம்பல் நிழலாகத் தெரியும். அதற்குத்தான் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) வெங்காரம் (போராக்ஸ் உப்பு) போட்டு மூடுவார்கள். தகட்டை அடிக்க அடிக்க வெள்ளி விறைக்கும்; ஒவ்வொரு சுற்றுக்கும் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தணிக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவறவிட்டால் விளிம்பில் விரிசல் விடும். அரம், மெருகு, சிதறல் என்று எந்தப் பட்டறையிலும் கொஞ்சம் சேதாரம் போகும். ஆகையால் "270 ரூபாயும் கோப்பையில் இருக்கிறது" என்று எழுத வேண்டாம். "270 ரூபாயை உருக்கிச் செய்தது" என்பதே சரி.

கோப்பையின் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். உடல் முழுக்கச் சித்திர வேலை, மூன்று கைப்பிடிகளும் படமெடுத்த நாகங்கள், குவிந்த மூடியின் உச்சியில் யானை. இந்தியக் கைவேலை என்பது பார்த்தவுடனே தெரியும். இப்படிப்பட்ட பாத்திரத்தில் முதலில் தளர்வது கைப்பிடி உடலோடு பற்றவைத்த இடம். மூன்று பிடி என்றால் ஆறு பற்று. நூறாண்டுக்கு மேல் துணிபோட்டுத் துடைத்தால் சித்திரத்தின் மேடுகள் தேய்ந்து தகடும் மெலியும்.

பழையநோட்டு

ரூபாயை அப்படியே லண்டனுக்கு அனுப்பாமல் ஏன் உருக்கினார்கள்? மாற்று விகிதத்தில் நட்டம் வரும் என்பதாலா?

வெங்காரம்

நல்ல கேள்வி, ஆனால் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஜெர்மனி 1870களில் வெள்ளியைக் கைவிட்ட பிறகு வெள்ளி விலை இறங்கி, இரண்டு ஷில்லிங்கை ஒட்டியிருந்த ரூபாய் 1876 வாக்கில் 1 ஷில்லிங் 8½ பென்ஸ் அளவுக்கு வந்தது. அந்த விலையில் 270 ரூபாய் சுமார் 23 பவுண்டு, முந்தைய விலையில் 27. நான்கு பவுண்டு நட்டம்தான். ஆனால் உருக்கினாலும் அதே வெள்ளி, அதே சந்தை விலை. கையில் கூடுவது வேலைப்பாட்டின் மதிப்பு.

காரணத்தை அவர்களே கடிதத்தில் எழுதியிருக்கிறார்கள். அதைக் கோடுதாண்டி சொல்லட்டும்.

கோடுதாண்டி

கடிதம் 1877 டிசம்பர் 20 தேதியிட்டது. எழுதியவர் ஜி. ஏ. ஜேம்ஸ் ராத்னி, கிளப்பின் கௌரவச் செயலாளரும் பொருளாளரும் அவரே. மிச்சப் பணத்தில் விருந்து, நடன நிகழ்ச்சி என்று யோசனைகள் வந்தன, அவை எடுபடவில்லை. ரக்பிக்கு நிலைத்த நன்மை செய்யவும், கல்கத்தா கிளப்பின் சிறு நினைவாக இருக்கவும் ஒரு சவால் கோப்பை வாங்கித் தருகிறோம் என்பது கடிதத்தின் சாரம்.

உங்கள் வரைவின் பெரிய பிழை இதற்கடுத்து வருகிறது. இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கென்று ராத்னி கேட்கவே இல்லை. அசோசியேஷன் கால்பந்தின் எஃப்ஏ கோப்பை 1871–72இல் தொடங்கியிருந்தது. அதைப்போல யூனியனில் உள்ள கிளப்புகள் ஆண்டுதோறும் மோதுவதற்கு வைக்கலாம், அல்லது யூனியன் நிர்வாகக்குழு நல்லதென்று நினைக்கும் வேறு எந்த வகையிலும் வைக்கலாம் என்றுதான் எழுதினார். அந்த "அல்லது" என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது யூனியன். அதன் சார்பில் ஏ. ஜி. கில்லமார்ட் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டு, இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதும் சர்வதேசக் கோப்பையாக வைப்போம், கோப்பை யூனியனின் உடைமையாக இருக்கும் என்று பதில் எழுதினார். கிளப்புகள் கோப்பைக்காக மல்லுக்கு நிற்பதை அந்த யூனியன் விரும்பவில்லை. ராத்னி கேட்ட மாதிரியான கிளப் நாக்அவுட் போட்டியை அவர்கள் தொடங்கியது 1971–72இல். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் தாமதம்!

கொசுறாக ஒன்று. இந்த ராத்னிக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு: எறும்பும் குளவியும் சேகரிப்பது. பாரக்பூரில் பிடித்துச் சேர்த்த தொகுப்பு பிறகு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. சில எறும்பு இனங்களின் அறிவியல் பெயரில் அவர் பெயர் இருக்கிறது. வினாடி வினாவுக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

மழைக்கால மைதானம்

1879ஐயும் திருத்த வேண்டும். முதல் கல்கத்தா கோப்பை ஆட்டம் 1879 மார்ச் 10, எடின்பரோவில் ரேபர்ன் பிளேஸ் மைதானம். முடிவு சமன். ஸ்காட்லாந்துக்கு நினியன் ஃபின்லே ஒரு டிராப் கோல் (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது கம்பங்களுக்கு இடையே உதைப்பது) அடித்தார். இங்கிலாந்துக்கு பர்ட்டன் டிரை (எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றுவது) வைக்க, லெனார்ட் ஸ்டோக்ஸ் அதை உதைத்துக் கோலாக்கினார்.

இன்றைய புள்ளிகளைப் போட்டுப் பார்ப்பவர்கள் 7–3, இங்கிலாந்து வென்றது என்கிறார்கள். அன்றைக்குப் புள்ளிகளே கிடையாது. கோல்கள்தான் கணக்கு, டிராப் கோலும் ஒரு கோல், டிரைக்குப் பின் உதைத்ததும் ஒரு கோல். 1875இல் வந்த திருத்தப்படி கோல்கள் சமமாக இருந்தால் டிரைகளை எண்ணலாம். ஆனால் கோலாக மாறிய டிரையை மறுபடி டிரையாக எண்ண முடியாது. ஒரு கோலுக்கு ஒரு கோல், எனவே சமன். கோப்பையை முதலில் வென்றது 1880 பிப்ரவரி 28இல் மான்செஸ்டரில் இங்கிலாந்து.

எண்ணிக்கை தொடர்பாக ஒரு பொறி இருக்கிறது. கோப்பையின் அடிப்பீடத்தில் ஒவ்வோர் ஆண்டின் வெற்றியாளர், இரு தலைவர்கள் பெயர் பொறித்த தகடுகள் உண்டு. அவை 1879இல் தொடங்காமல் 1871இல் தொடங்குகின்றன. தகடுகளை எண்ணிக் கல்கத்தா கோப்பை ஆட்டங்கள் இத்தனை என்றால் எட்டு ஆட்டங்கள் கூடிவிடும். ஆண்டுகளைக் கழித்துப் பார்த்தாலும் பிசகும்: 1884 ஆட்டத்தில் ஒரு டிரை பற்றி எழுந்த தகராறில் 1885இல் ஆட்டமில்லை, 1888லும் 1889லும் இல்லை. உலகப்போர்க் காலங்களிலும் இல்லை.

பேராதனைப்பாலம்

கிளப் செத்த பிறகு நடந்ததையும் ஒரு வரி எழுதுங்கோ. அதில்லாட்டி 1878இல கலைஞ்சது இண்டைக்கு எப்பிடிப் பாலிகஞ்சில இருக்கெண்டு வாசிக்கிறவை குழம்புவினம். 1884இல திரும்பத் தொடங்கினது, 1890இல கல்கத்தாவுக்குள்ள கிளப்புகளுக்கிடையில ஒரு கோப்பை வந்தது. அதையும் கல்கத்தா கோப்பை எண்டுதான் சொல்லுவினம், ரெண்டையும் போட்டுக் குழப்பாதேங்கோ. 1924இல அகில இந்தியப் போட்டி.

இலங்கையையும் பக்கத்தில வைச்சுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்செண்டு தெரியும். கொழும்பில கிளப் 1879இல வந்தது, அதுவும் வெள்ளைக்காரர்தான். மலைநாட்டில தோட்டத்துரைமார் டிக்கோயா, திம்புள்ள, ஊவா எண்டு அவரவர் கிளப்புகளை வைச்சிருந்தவை. ஆனால் 1891இலயே கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில எல். ஈ. பிளேஸ் பள்ளிப் பெடியளுக்கு றகர், அதாவது ரக்பி, பழக்கத் தொடங்கிட்டார். 1906இல கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதினது முதல் பள்ளி ஆட்டம். வெள்ளைக்காரக் கிளப்புகளுக்குள்ள உள்ளூராருக்கு இடமில்லை எண்டதால 1922இல சிஆர் அண்ட் எஃப்சி (சிலோனீஸ் ரக்பி அண்ட் ஃபுட்பால் கிளப்) எண்டு தங்களுக்கொரு கிளப்பையே தொடங்கிச்சினம். படைப்பிரிவு வந்தாலென்ன போனாலென்ன, பள்ளிக்கூடம் ஒவ்வொரு வருசமும் பதினைஞ்சு பேரைத் தரும். இந்தியா முதல் முழுச் சர்வதேச ஆட்டம் ஆடினது 1998இல.

பழையநோட்டு

திருத்திய வடிவம்:

"1872 டிசம்பர் 25இல் கல்கத்தாவில் இங்கிலாந்துக்காரர் இருபது பேரும், ஸ்காட்லாந்து–அயர்லாந்து–வேல்ஸ்காரர் இருபது பேரும் ரக்பி ஆடினார்கள். 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் அமைந்தது. 1874இல் ரக்பி ஃபுட்பால் யூனியனில் சேர்ந்தது. 1876இல் பஃப்ஸ் படைப்பிரிவு கிளம்பியதால் ஆட்டக்காரர்கள் குறைந்தார்கள். இலவச மது நின்றதாலும் டென்னிஸ், போலோ பரவியதாலும் சந்தாதாரர்கள் குறைந்தார்கள். கிளப்பைக் கலைத்து, 270 வெள்ளி ரூபாயை உருக்கிச் செய்த கோப்பையை 1878இல் யூனியனுக்கு அளித்தார்கள். கிளப்புகளுக்கான போட்டி என்ற யோசனையை ஏற்காத யூனியன், அதை இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்துக்கு வைத்தது. 1879இல் முதல் ஆட்டம் சமன். 1880இல் இங்கிலாந்து வென்றது. 1884இல் கிளப் மறுபடி தொடங்கி, 1965இல் கல்கத்தா கிரிக்கெட் கிளப்போடு இணைந்தது. 1988இல் ஸ்காட்லாந்து வீரர் ஒருவர் கோப்பையை எடின்பரோ தெருவில் உதைத்துச் சேதப்படுத்தினார்."

கோடுதாண்டி

கடைசி வரி தவிர மற்றதெல்லாம் சரி. 1988இல் பிரின்சஸ் தெருவில் அதை உதைத்தவர்கள் இருவர்: ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரி, இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸ். தண்டனையில்தான் வித்தியாசம், ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை, ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஒரு ஆட்டம்.

வெங்காரம்

அசல் கோப்பையின் இருப்பிடத்தையும் சேர்த்துவிடுங்கள். அது இப்போது லண்டன் டிவிக்கன்ஹாம் ரக்பி மைதானத்து அருங்காட்சியகத்துக்குரியது, அங்குமிங்கும் தூக்கிச் செல்லும் நிலையில் இல்லை. வெற்றி மேடையில் காட்ட இரு நாடுகளிடமும் முழு அளவு நகல்கள் உண்டு. படம் போடும்போது நகலின் படத்தைப் போட்டுவிட்டு "270 ரூபாயில் செய்தது" என்று கீழே எழுதிவிடாதீர்கள்.